காப்பியத் தீயோரும் மனநோய்ப் பெயரும்

நூல்களிற் கூறப்படும் தீயோர்க்கு மனநோய் மருத்துவர் வழங்கும் நோய்ப்பெயர்களைச் சூட்டி ஆராய்தல் இக்காலத்துத் திறனாய்வாரிடைப் பெருவழக்காய்விட்டது. மேனாட்டு நாடகங்களிலும் திரைப்படங்களிலும் தொடங்கிய இவ்வழக்கு, நம் காப்பியங்களையும் புராணங்களையும் வந்து பற்றுதல் இயல்பே. இராவணன் தன்மோகம் மிக்க ஆளுமைக் கோளாறுடையான், சூரபன்மன் பெருமைப் பித்துற்றான், முத்தநாதன் ஈரமற்ற 'சைக்கோபாத்' என்றாற்போலக் கூறிவிடின், அவர்தம் செயல்களெல்லாம் விளங்கிவிட்டனவாகக் கொள்ளப்படுகின்றன. இஃது அறிவு வளர்ச்சியோ, அறிவின் தோற்றமோ என்பது ஆராயத்தக்கது.

சைவநூற் கல்வியுடையார்க்கு இவ்வினா புறம்பானதன்று. சென்னை அபிராமபுரம், மந்தைவெளி, ஆழ்வார்ப்பேட்டை முதலிய இடங்களில் வாழும் அன்பர்கள் ஐப்பசித் திங்கட் கந்தசட்டியன்று திருமயிலைக் கபாலீச்சரத்திற் குழுமிச் சூரசங்காரம் கண்டு வழிபடுகின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் கல்லூரிகளில் உளநூல் பயிலுங் காலம் இது. 'சூரனுக்கு இருந்த நோய் யாது?' என்று பேரன் வினவுவானாயின், அதற்கு விடை கூற வேண்டிய கடமை பாட்டனார்க்கு உண்டு. சூரன் நோயாளனாயின், நோயாளன்மீது வேலை விடுத்தது யாங்ஙனம் அருளாகும் என்னும் அடுத்த வினாவும் உடனே எழும். ஆகலின் இது பொழுதுபோக்கு வினாவன்று. தீமை யாது, அதற்குப் பொறுப்புடையார் யார், அதனின்றும் உயிர் மீளுமாறு எங்ஙனம் என்னும் மூன்றும் இதன்கண் அடங்கியுள.

பிறர் கூற்று

எதிர்தரத்தார் கூற்றை அதன் முழு வலியோடும் முதற்கண் எடுத்துரைத்தல் முறையாம். அவர் கூறுமாறு: பெரும்புலவர் மக்கள் உள்ளத்தை நுனித்தறிந்தவராதலின், அவர் படைத்த மாந்தரிடத்தும் உண்மை மக்களுக்குரிய குணங்குற்றங்கள் காணப்படும்; நோய்க்குப் பெயர் தோன்றாத காலத்தும் நோயின் குறிகளைப் புலவர் கண்டு பாடியிருத்தல் கூடும்; அக்குறிகளைத் தொகுத்து இன்றைய பெயரிடுதல், முன்னையோர் கண்டதை இன்றைய மொழியிற் கூறுதலேயன்றிப் பிறிதன்று என்பதாம்.

இதற்குச் சான்றாக அவர் காட்டுவனவும் எளியனவல்ல. உளப்பகுப்பு நூலின் தந்தையாகிய சிக்மண்டு பிராய்டு 1916-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், சேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத் தலைவியையும் மூன்றாம் ரிச்சர்டு மன்னனையும் எடுத்து ஆராய்ந்துள்ளனர். அம்மக்பெத் நாடகம், 1891-இற் சென்னையிற் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியாரால் 'மகபதி' என்னும் பெயரால் தமிழிலும் ஆக்கப்பெற்றது. பெல்ஜிய நாட்டு உளமருத்துவர் இருவர் 400 திரைப்படங்களை ஆராய்ந்து, அவற்றினின்றும் 126 தீய மாந்தரைத் தெரிந்தெடுத்து வகைப்படுத்தி, 2014-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். மருத்துவ மாணவர்க்குப் பாடஞ் சொல்லுதற்கு இத்தகைய எடுத்துக்காட்டுகள் உதவும் என்பது அவர் கருத்து.

இக்கூற்றில் உண்மை சிறிதுமில்லை எனத் தள்ளுதல் ஆகாது. மருத்துவப் பயிற்சியுடைய கண் நூலிற் பிறர் காணாத நுட்பங்களைக் காணவல்லது. ஆயினும் குறியைக் காண்டல் வேறு, நோயைத் துணிதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையே பிழைக்கு வித்தாயிற்று. பிராய்டு தாமும் அக்கட்டுரையில் மக்பெத் தலைவியின் உள்ளம் முறிந்த காரணத்தை ஒருதலையாகத் துணிதல் இயலாதென்று ஒப்புக்கொண்டனர். பெல்ஜிய ஆராய்ச்சியாளரோ, தாம் கண்ட தீயோருள் உண்மை வாழ்க்கையோடு ஒத்தவர் சிறுபான்மையோரே என்றனர். மக்பெத் நாடகத்துள்ளேயே மருத்துவன் ஒருவன் வந்து, தலைவி உறக்கத்தில் எழுந்து நடப்பதைக் கண்டு, இது தன் மருத்துவத்திற்கு அப்பாற்பட்டது எனக் கூறி அகல்கின்றான். நாடகத்துள் நின்று நேரிற் கண்ட மருத்துவன் துணியாததை, ஏட்டிற் கண்டோர் துணிதல் வியப்பேயாம்.

மருத்துவத்தின் நான்கு உறுப்பு

இனி அக்கூற்றை மறுக்குமாறு காண்போர் மருத்துவத்தின் இலக்கணத்தினின்றே தொடங்கலாம். நோயுற்றோன், நோய் தீர்ப்போன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என நான்கும் கூடியதே மருத்துவம் என்பது திருவள்ளுவனார் துணிபு. நோய் இன்னதென அறிதல், அதன் காரணம் அறிதல், தணிக்கும் வாயில் அறிதல் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வருதல் வேண்டும் என்பதும் அவர் வகுத்த முறை. ஆகவே நோய்க்குப் பெயரிடுதல் தனித்து நிற்பதோர் அறிவன்று. தீர்த்தற்பொருட்டு மேற்கொள்ளும் தொழிலின் முதற்படியே அது. காப்பியத் தீயோனுக்கோ இந்நான்கனுள் ஒன்றுமில்லை. அவன் மருத்துவன் முன்னர் வந்து அமர்தல் இல்லை. வினாவிற்கு விடை கூறுதல் இல்லை. மருந்துண்டு தேறுதலும் இல்லை. தீர்த்தற்கு இயலாவிடத்து இட்ட பெயர் நோய்த்துணிபு எனப்படாது. அஃது ஓர் உவமையேயாம்.

உயிரோடிருப்பாரிடத்தும் இவ்வரம்பு வேண்டும் என்பதை மருத்துவரே ஒப்புக்கொண்டுள்ளனர். 1964-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைமைப் பதவிக்கு நின்ற கோல்டுவாட்டர் என்பாரை நேரிற் காணாமலே, 'அப்பதவிக்கு அவர் உளநிலை ஏற்றதன்று' என 1,189 உளமருத்துவர் ஒரு பத்திரிகைக்கு விடையெழுதினர். அதனால் வழக்கும் இழுக்கும் விளைந்தன. அதன்பின்னர் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973-இல், நேரில் ஆராயாமலும் உரியவரின் இசைவு பெறாமலும் பொதுவாழ்வினர் எவர்க்கும் நோய்த்துணிபு கூறலாகாது என்று விதி செய்தது. உயிருடன் உலவும் ஒருவர்க்கே இத்துணை எச்சரிக்கை வேண்டப்படுமாயின், செய்யுளளவில் நிற்போர்க்கு அது கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

பெரியபுராணத்து மாந்தர் கற்பனையினர் அல்லரே எனின், அதனாலும் இவ்வரம்பு தளராது. முத்தநாதனை நோக்குக. திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனாரை வெல்லமாட்டாத அவன், நீறு பூசிச் சடைமுடித்துப் புத்தகக் கவளிகையுள் உடைவாளை மறைத்துச் சென்று, ஆகமம் உரைப்பான்போல் நாயனாரைக் குத்தினான். அவன் இளமை எத்தகையது, அவன் தாய்தந்தையர் யாவர், செய்தபின் வருந்தினானா என்பன ஒன்றும் சேக்கிழார் கூறிற்றிலர். கூறாமை குறையன்று. நாயனார் தம்மைக் குத்தினானையும் திருவேடத்தின் பொருட்டுத் தமர் எனக் கொண்டு, தத்தனை ஏவி இடையூறின்றி எல்லை கடத்திய அன்பின் திறமே அப்புராணத்தின் பொருள். முத்தநாதனுக்கு 'இரக்கமின்மை' என்னும் குறி கண்டு நோய்ப்பெயர் இடுவார், சேக்கிழார் எழுதாது விட்ட ஏடுகளைத் தாமே எழுதி நிரப்பிக்கொள்கின்றனர். ஆங்கிலத் திறனாய்வாளர் எல். சி. நைட்ஸ் 1933-இல் மக்பெத் தலைவிக்குப் பிள்ளைகள் எத்தனை என்னும் வினாவையே தம் கட்டுரைக்குத் தலைப்பாக இட்டு, நூலிற் சொல்லாததை நாடும் திறனாய்வை எள்ளியதும் இக்குற்றம் பற்றியேயாம்.

நூலுலகமும் நோய்க்குறியும்

மனமருத்துவ நூலில் 'பித்தெண்ணம்' எனப்படுவது, உலகில் இல்லாததை உண்டென்று அசையாது நம்புதல். தன்னை மூவுலகாளியெனக் கருதும் ஓர் எளிய மனிதனிடத்து அது நோய்க்குறியாம். சூரபன்மனோ 1008 அண்டங்களையும் 108 யுகம் ஆளும் வரத்தினைச் சிவபெருமானிடத்து உண்மையிற் பெற்றவன். இந்திரன் ஒளித்ததும், சயந்தன் சிறையிருந்ததும், தேவர் அவனுக்கு ஏவல் செய்ததும் கந்தபுராண உலகில் நிகழ்ந்த செய்திகள். அவன் தன்னைப் பேரரசன் என்றது மயக்கமன்று. உள்ளதை உள்ளவாறு கூறியதேயாம். அவன் பிழை பெருமையை உண்டென நினைத்ததன்று. தந்தவனை மறந்து தனதென நினைத்தது. அளக்குங் கோல் நூலுக்குப் புறத்தேயிருந்து வந்ததாயின் அளவு பிழைபடும்.

கம்பர் காப்பியத்து நிகழ்ச்சியொன்று இதனை இன்னுந் தெளிவாக்கும். சூர்ப்பணகை சொற்கேட்டுக் காமநோயுற்ற இராவணன் முன்னர்ச் சீதையின் உருவெளி தோன்றுகின்றது. அஃது உண்மையோ என அறிய அவன் சூர்ப்பணகையை வரவழைத்து வினவ, அவள் கண்ணுக்கோ அவ்விடத்து இராமன் உருவமே தோன்றுகின்றது. இல்லாப்பொருள் காணும் நோய் இருவர்க்கும் ஒருங்கே வந்தது எனக் கூறுதல் இன்றைய மாணாக்கனுக்கு எளிது. கம்பர் காட்டியதோ வேறு. விரும்பிய பொருளே உலகெங்கும் தோன்றும் என்பதும், ஒரே அறையில் நிற்கும் இருவர் தத்தம் வேட்கையால் வெவ்வேறுலகிற் பிரிந்து நிற்பர் என்பதும், தம்பொருட்டு உடன்பிறந்தாரையும் குலத்தையும் அழிக்கப்போகும் இருவர் தம்முள்ளும் ஒருவரையொருவர் அறியாமற் பேசுகின்றனர் என்பதும் ஆண்டுப் புலப்படுகின்றன. நகையும் அவலமும் கலந்த அக்காட்சி நோய்ப்பெயரிட்ட மாத்திரத்தே நகையிழந்து அவலமும் இழந்து, மருத்துவமனைக் குறிப்பேடாய்ச் சுருங்கிவிடும்.

தீயோன் யாவன் என்பதிலும் படிப்பார் ஒருமைப்பட்டிலர். மு. சி. பூரணலிங்கம் பிள்ளை 1928-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் இராவணனைப் பெருமைக்குரிய மன்னனாகவே போற்றினர். திருஞானசம்பந்தர் பதிகங்களின் எட்டாந் திருப்பாட்டோ அவனை மலைக்கீழ் நெரிந்து இசைபாடி அருள்பெற்றவனாக மீட்டும் மீட்டும் நினைவூட்டுகின்றது. ஒருவர்க்குத் தீயோனும், ஒருவர்க்குத் தலைவனும், ஒருவர்க்கு அருட்குரியவனுமாக நிற்பானிடத்து எந்தச் செயலைக் குறியென்றும் எதனைக் குணமென்றும் மருத்துவன் கொள்வான்?

தேர்ந்துகொண்ட தீமை

இனி, மனநோய்ப் பெயர் வலியுறுத்தும் கருத்து ஒன்றுண்டு. நோய் என்பது ஒருவன் தேர்ந்துகொண்டதன்று, அவனுக்கு நேர்ந்தது. ஆகவே நோயால் நிகழ்ந்த செயலுக்கு அவனைப் பொறுப்பாக்கல் நீதியன்று. பாரத நியாய சங்கிதை 22-ஆம் பிரிவும், அதற்குமுன் வழக்கிலிருந்த 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவும், சித்தந் திரிந்தமையால் தன் செயலின் தன்மையையோ அது தவறென்பதையோ அறியமாட்டாதான் செய்தது குற்றமாகாது என்கின்றன. அது நாகரிக நாட்டிற்கு வேண்டப்படும் அறமே. அதனைச் சூரனுக்குப் பொருத்திப் பார்க்கின் விளைவது யாது?

கச்சியப்ப சிவாசாரியர் சூரன் வரலாற்றை அமைத்த முறை இதற்கு விடை தருகின்றது. தந்தையாகிய காசிபன் மைந்தர் மூவர்க்கும் அறத்தின் பயனையும் தவத்தின் பயனையும் அறிவுறுத்துகின்றான். தாயாகிய மாயையோ செல்வமும் வலியுமே பெறத்தக்கன என்று மற்றோர் உபதேசம் செய்கின்றாள். மூவரும் இரண்டனையுங் கேட்டனர். கேட்டுப் பின்னதைக் கைக்கொண்டனர். வளர்ப்பின் குற்றமே தீமைக்குக் காரணம் என்பார்க்கு ஈண்டுத் தாயுபதேசம் சான்றாகத் தோன்றும். ஆனால் தந்தையுபதேசமும் உடனிருத்தலின் அச்சான்று அரைச்சான்றேயாம். ஒரே தாய் வயிற்றிற் பிறந்து ஒரே உபதேசங் கேட்ட சிங்கமுகன், தேவரைச் சிறைவிடுக என்றும் முருகப்பெருமான் முழுமுதல் என்றும் அவைக்கண் அண்ணனுக்கு எடுத்துரைக்கின்றான். ஆகவே பிறப்பும் வளர்ப்பும் சூரனை இவ்வழியே செலுத்தின என்று கூறுதற்கு நூல் இடந்தரவில்லை. மைந்தன் பானுகோபன் மாண்டபோதும் தம்பி சிங்கமுகன் மடிந்தபோதும் சூரன் அரற்றியழுகின்றான். அன்பறியாமை என்னும் குறி அவனிடத்து இல்லை. தன்னவர்மேல் அன்புடையான், பிறர் துன்பம் அறியான் என்பதே ஆசிரியர் காட்டும் இயல்பு. அஃது எத்துணையோ நல்ல இல்லறத்தாரிடத்தும் காணப்படுவதொன்று.

இன்னும், போர்க்குமுன் முருகப்பெருமான் வீரவாகுதேவரைத் தூதாக விடுத்தருளினார். கேட்டுணர்ந்து விடைகூற வல்லானிடத்தே தூது செல்லும். சூரன் அறிவு திரிந்தவனாயின் தூது வீண். தூதினைப் புறக்கணித்தமை குற்றமன்று. வேல் விடுத்தமை முறையன்று. நோய்ப்பெயர் சூட்டுவார் சூரனுக்கு இரங்குவார்போலத் தோன்றினும், புராணம் முழுவதையும் அநீதியாக்கி விடுகின்றனர். அவனைப் பொறுப்புடையான் எனக் கொள்வதே அவனுக்குச் செய்யும் மதிப்பாம். பொறுப்பில்லாதானுக்குத் திருந்துதலும் இல்லையன்றோ?

மாறும் பெயரும் நூலே கூறும் நோயும்

நோய்ப்பெயர் நிலையானதெனக் கொள்ளினும் ஓரளவு அமைதி கூறலாம். அதுவும் இல்லை. 1835-இல் பிரிச்சார்டு என்னும் ஆங்கில மருத்துவர், அறிவு கெடாது ஒழுக்கம் மட்டும் கெட்டாரைக் குறிக்க 'ஒழுக்கப் பித்து' என்றொரு நோய் வகுத்தனர். அப்பெயர் இன்று மருத்துவத்தில் வழங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பகுப்பிற் பதினோராம் பதிப்பு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்கண் ஆளுமைக் கோளாற்றின் பழைய உட்பிரிவுகள் பெரும்பாலும் நீக்கப்பட்டு, கோளாற்றின் கடுமையும் குணப்போக்குமே குறிக்கப்படுகின்றன. 'தன்மோக ஆளுமைக் கோளாறு' அமெரிக்கப் பகுப்பில் நிற்கின்றது. உலகப் பகுப்பில் தனிப்பெயராக நிற்கவில்லை. மக்கள் எளிதில் எடுத்தாளும் 'சைக்கோபாத்' இரண்டு பகுப்பிலும் தனிநோயாக இடம்பெற்றிலது. புலவன் சொல் நூற்றாண்டுகள் நிற்ப, அதற்கு உரையாக வந்த பெயர் ஒரு தலைமுறைக்குள் மாய்கின்றது.

அற்றேல், நூலாசிரியரே மாந்தர்க்கு நோய்ப்பெயர் கூறுமிடத்து யாது செய்வது எனின், ஆண்டு அப்பெயர் நூற்பொருளாதலின் அதனை ஆராய்தல் தகும். 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த 'அந்நியன்', 'சந்திரமுகி' என்னும் இரு திரைப்படங்களும் இதற்கு எடுத்துக்காட்டாம். இரண்டிலும் கதைக்குள்ளேயே உளமருத்துவர் வந்து நோய் விளக்குகின்றார். அந்நியனில் ஒருவனே சட்டத்திற்கு அஞ்சும் அம்பியாகவும், கருடபுராணத் தண்டனைகளைக் கொண்டு கொல்லும் அந்நியனாகவும் மாறுகின்றான்; அவனுக்குப் 'பல்லாளுமைக் கோளாறு' எனப் பெயர் கூறப்படுகின்றது. அமெரிக்கப் பகுப்பு அப்பெயரை 1994-இலேயே கைவிட்டு வேறு பெயர் கொண்டது. ஆயினும் திறனாய்வாளன் கேட்கவேண்டியது பெயர் சரியா என்பது மட்டுமன்று; அப்பெயர் கதையில் என்ன தொழில் செய்கின்றது என்பதே. கொலையைக் கண்டு மகிழவும், கொன்றவனைக் குற்றமற்றவனெனக் கொள்ளவும் அவையோர்க்கு ஒருங்கே இடந்தருவது அந்நோய்ப்பெயர். அங்கு நோய் மருத்துவத்தின் பொருளாக நில்லாது கதையமைப்பின் கருவியாக நிற்கின்றது.

தத்துவப் பெயரும் நோய்ப்பெயரும்

ஈண்டு ஒரு தடை எழும். சூரன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை எனச் சைவர் கூறும் தத்துவப் பொருளும் இத்தகைய பெயரீடே அன்றோ? பிறரைக் குறைகூறுவார் தம் இல்லத்தையும் நோக்கவேண்டாவோ? எனின், இத்தடை மதிக்கத்தக்கது.

இரண்டற்கும் வேற்றுமை பெரிது. நோய்ப்பெயர் ஒருவனை ஏனையோரினின்றும் பிரிப்பது. பெயரிடுவான் நோயற்றவன், பெயர் பெறுவான் நோயுற்றவன். ஆணவமோ செம்பிற் களிம்புபோல எல்லா உயிரையும் அநாதியே பற்றியது. சகலர்க்கேயன்றிப் பிரளயாகலர்க்கும் விஞ்ஞானாகலர்க்கும் அஃது உண்டு என்பது சித்தாந்தம். ஆகவே சூரனை ஆணவம் என்பான் தன்னையும் அவ்விடத்து நிறுத்திக்கொள்கின்றான். நோய்ப்பெயர் படிப்பானை மருத்துவன் இருக்கையில் அமர்த்தும்; தத்துவப் பொருளோ அவனைச் சூரன் நின்ற களத்திற் கொண்டு நிறுத்தும். மேலும் நோய்ப்பெயர் கூறியவளவில் ஆராய்ச்சி முடிகின்றது. மலம் என்ற சொல்லோ அதன் பரிபாகத்தையும் அருளின் பதிவையும் அவாவி நிற்கின்றது.

ஆயினும் தடையிற் பாதி உண்மையென்றே கொள்ளவேண்டும். 'சூரன் ஆணவம்' என்று கூறி அவ்வளவில் அமைந்துவிடும் உரைகள் பல. அவையும் பெயரை ஒட்டிப் பொருளை விட்டனவேயாம். 10,000-க்கு மேற்பட்ட செய்யுட்களால் ஆசிரியர் வளர்த்த மாந்தனை ஒரு சொல்லில் அடக்குதல், அச்சொல் மருத்துவச் சொல்லாயினும் ஆகமச் சொல்லாயினும், படிப்பின் குறையே.

இதனை விளக்குதற்குப் புராணத்தின் உச்சமான ஓரிடம் போதும். போரின் முடிவில் முருகப்பெருமான் தம் பேருருவம் காட்டியருள, சூரன் மெய்ம்மறந்து நிற்கின்றான். பாலன் என இகழ்ந்த பொருள் யாதென உணர்கின்றான். வலம்வர வேண்டும், தொழ வேண்டும், தலையால் வணங்கவேண்டும் என்னும் விருப்பம் அவன் உறுப்புக்கள்தோறும் எழுகின்றது. மானம் ஒன்றே தடுத்துவிட்டது என்று அவனே கூறுகின்றான். பின்னர்ப் பெருமான் பழைய வடிவு கொண்டருளியபோது, அறிவு மறைந்து வெகுளி மீள்கின்றது. இவ்விடத்தில் எந்த நோய்ப்பெயர் நிற்கும்? பெருமைப் பித்துடையான் தன் சிறுமையை இத்துணைத் தெளிவாகக் காணமாட்டான். ஈரமற்றவன் தொழ விரும்பமாட்டான். 'ஆணவம்' என்ற பெயர் மட்டும் கூறி அகல்வார்க்கும் இவ்விடம் விளங்காது. ஆணவம் அறியாமையாய் மறைப்பது மட்டுமன்று. அறிந்தபின்னும் வளையாமையாய் நிற்பதும் அதுவே என்பதை ஆசிரியர் இங்கே காட்டியுள்ளார். நல்லதென்று தெளிவாக அறிந்தும், நாலுபேர் முன் இறங்கி வருதற்கு நாணி அதனைக் கைவிட்ட நாள் எவர்க்கும் ஒன்றேனும் இருக்கும். அந்நாளை நினைப்பான் சூரனை அறிந்தவனாவான்.

அதன்பின்னரும் கதை முடியவில்லை. கடல்நடுவே மாமரமாய் நின்ற சூரன் வேலாற் பிளவுண்டு மயிலும் சேவலுமாகி, ஊர்தியும் கொடியுமாய்ப் பெருமானைப் பிரியாது நிற்கின்றான். மறக்கருணை என்று சைவர் கூறுவது இதுவே. நோய்ப்பெயரிட்டவர் மாமரத்தோடு நின்றுவிடுகின்றனர், மயிலைக் காண்பதில்லை.

நோயுற்றோர்க்கு வரும் கேடு

இதுகாறும் நூலுக்கு வரும் கேடு கூறப்பட்டது. உண்மையில் மனநோயுற்று வருந்துவார்க்கு வரும் கேடு அதனினும் பெரிது. கொடியோரெல்லாம் நோயாளர் என்று கற்பிக்குமிடத்து, நோயாளரெல்லாம் கொடியோர் என்னும் எண்ணம் கேட்பார் உள்ளத்திற் பதிதல் எளிது. 1978-இல் வந்த 'சிகப்பு ரோஜாக்கள்' முதல் 2020-இல் வந்த 'சைக்கோ' வரை, பெண்களைக் கொல்லும் கொடியோனைச் சிதைந்த உள்ளத்தினனாகக் காட்டும் தமிழ்த் திரைப்படங்கள் பல. அவற்றின் வாயிலாக ஒரு மருத்துவச் சொல்லின் சிதைவு தெருவில் வசைச்சொல்லாயிற்று. 1794-இல் தொடங்கி 1871 முதற் கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்ற மனநோய் மருத்துவமனை சென்னையின் பழைய அறநிலையங்களுள் ஒன்று. அவ்வூர்ப் பெயரே நகரத்தில் ஏளனச் சொல்லாகியிருத்தல் நாணத்தக்கது. உண்மையோ வேறு. மனநோயாளருட் பெரும்பாலோர் எவர்க்கும் தீங்கு செய்வதில்லை. பிறராற் தீங்குறுதலே அவர்பால் மிகுதியும் காணப்படுகின்றது.

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகத்து 6-ஆம் நாள் நேர்ந்தது நினைக்கத்தக்கது. ஆண்டு ஒரு காப்பகத்திற் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் தீ மூண்டபோது ஓடமாட்டாராய், 28 பேர் மாண்டனர். அவர் ஒருவரையும் துன்புறுத்தியவரல்லர். நோயை அச்சத்தோடும் தீமையோடும் இணைத்துவைத்த மனப்பழக்கமே சங்கிலிக்கு முதற்கண்ணி. கீழ்ப்பாக்க மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை நடத்திய மருத்துவர் சாரதா மேனன் அவர்கள் 1984-இற் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்துத் தம் வாழ்நாள் முழுதும் உழைத்தது அக்கண்ணியை அறுத்தற்கேயாம்.

சமயத்தார்க்கு இதில் தனிக்கடமையும் உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் திருவெண்ணெய்நல்லூரில் இறைவனைப் பித்தன் என்றே விளித்துப் பாடத்தொடங்கினார். காரைக்காலம்மையார் ஊனுடம்பு உதறிப் பேயுருக் கொண்டபோது கண்டவர் அஞ்சி ஓடினர். புறக்குறி கண்டு பித்து எனத் துணிதல் பிழைபடும் என்பதைச் சைவம் தன் அடியார் வரலாற்றிலேயே கற்றிருக்கின்றது. நாவுக்கரசர் சூலையுற்றபோதும், சைவர் அந்நோயை வெறுப்பிற்குரியதெனக் கொள்ளாது, அருள் வந்த வாயிலெனவே கொண்டனர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவும், ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க வழக்கிற்கோ சமயக் கொள்கைக்கோ மாறுபட்டு நிற்றல் மட்டும் பற்றி அவரை மனநோயர் எனத் துணியலாகாது என விதிக்கின்றது. தீயொழுக்கமும் மனநோயும் ஒன்றல்ல என்பது இச்சட்டத்திற்கும் அடிப்படை.

முடிபு

மருத்துவ அறிவைத் திறனாய்வினின்றும் விலக்கவேண்டும் என்பது இதன் கருத்தன்று. உறக்கமின்மையும், உருவெளித் தோற்றமும், துயரால் உள்ளம் முறிதலும் புலவர் எத்துணை நுட்பமாகக் கண்டனர் என்பதை மருத்துவம் கற்றோர் எடுத்துக்காட்டின் நூலுக்கு அணியாம். ஆசிரியர் வகுப்பில் உவமையாக ஒரு மாந்தனைக் காட்டுதலும் தகும். உவமையைத் துணிபாகக் கொள்ளுதலே விலக்கற்பாலது. நோய்த்துணிபு நோயாளன்பொருட்டு, அவன் முன்னிலையில், அவனைத் தீர்த்தற்குச் செய்யப்படுவது. தீயோனுக்கு அதனைச் செய்தல் தீர்த்தற்கன்று; தன்னின் வேறாக ஒதுக்கி வைத்தற்கேயாம்.

ஆகவே சூரனுக்கு இருந்த நோய் யாது என வினவும் பேரனுக்குப் பாட்டனார் கூறத்தக்க விடை இதுவாம்: சூரனுக்கு மருத்துவர் தீர்க்கும் நோய் இருந்ததாகக் கச்சியப்பர் கூறவில்லை. நல்லது அறிந்தான், நல்லது சொல்லக் கேட்டான், தொழவும் விரும்பினான். மானத்தால் வளையாது நின்றான். அவ்வளையாமை நம்மிடத்தும் உண்டு. கீழ்ப்பாக்கத்தில் மருந்துண்டு தேறும் எளியவரிடத்து உள்ளது நோய். அதற்கு மருத்துவமும் அன்பும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்குவார் சூரனையும் அறியார், நோயுற்றோரையும் அறியார், தம்மையும் அறியார் என்பது தெளிவு.